1971 பென்ஸ் 280 எஸ்.இ. 3.5 கூபேயா, 2006 பென்ட்லி கான்டினென்டல் ஜி.டி.யா? மதுரையில் வைத்து ஓட்ட எது?

கேள்வி சுருக்கமாக இது: மதுரையில் வசிக்கும் ஒருவருக்கு இரண்டு கார்கள் பேரத்துக்கு வந்திருக்கின்றன. ஒன்று 1971 மெர்சிடிஸ் பென்ஸ் 280 எஸ்.இ. 3.5 கூபே, ஆட்டோமேட்டிக். இன்னொன்று 2006 பென்ட்லி கான்டினென்டல் ஜி.டி. எதை வாங்கவும் பணம் தயார். மாதம் ஒருமுறை கொடைக்கானல், வருடத்துக்கு இரண்டு தடவை கன்னியாகுமரி, மற்ற நாட்களில் ஷெட்டில் நிற்கும். எதை எடுக்கலாம்?

பென்ஸை எடுங்கள். ஆனால் அதன் ஆர்.சி. எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும். காரணம் கீழே வருகிறது.

இரண்டும் ஒரே வேலைக்காகப் பிறந்தவை. நான்கு பேரை, பெட்டி படுக்கையோடு, நாள் முழுக்க வேகமாகவும் களைப்பில்லாமலும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பென்ஸின் இந்த கூபே உடல் 1961-இல் 220 எஸ்.இ. என்ற பெயரில் வந்தது, வடிவமைப்பாளர் பால் பிராக் வரைந்தது. நடுத்தூண் கிடையாது, நான்கு கண்ணாடியையும் இறக்கினால் பக்கவாட்டு முழுக்கத் திறந்த வெளி. அந்த உடலில் கடைசியாக 1969 முதல் 1971 வரை 3,499 சிசி வி8 எஞ்சினைப் பொருத்தினார்கள். 200 குதிரைத்திறன். மூடிய கூரை கூபே மொத்தம் 3,270 மட்டுமே செய்யப்பட்டது. சேகரிப்பாளர்கள் இதைத் தேடுவது இதனால்தான். பென்ட்லி 2003-இல் உற்பத்திக்கு வந்தது. ஃபோக்ஸ்வாகன் ஃபேட்டன் காரின் அடித்தளம், 5,998 சிசி டபிள்யூ12 எஞ்சின் (டபிள்யூ வடிவில் அமைந்த 12 சிலிண்டர்), இரண்டு டர்போ, 552 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், எடை கிட்டத்தட்ட 2,400 கிலோ. இது அரிய வண்டி அல்ல, ஏராளமாகச் செய்யப்பட்டது. விலை இறங்கியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, பாகத்தின் விலை இறங்கவில்லை. வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

சாலையில் மட்டும் ஒப்பிட்டால் பென்ட்லிதான் மேல், இதில் வாதம் இல்லை. கப்பலூர் தாண்டி விருதுநகர், கோவில்பட்டி என்று நான்கு வழிச்சாலையில் போகும்போது ஆறாவது கியரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குள்தான் ஓடும். 650 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை 1,600 சுற்றிலேயே வந்துவிடுவதால் லாரியைத் தாண்டக் காலை லேசாக வைத்தால் போதும். பென்ஸின் பின் ஆக்சில் விகிதம் 3.69, நான்காவது கியர் நேரடி. 185 ஆர் 14 டயரோடு கணக்குப் போட்டால் அதே 100-க்கு 3,000 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். சத்தம் இனிமையானதுதான், ஆனாலும் கன்னியாகுமரி வரை 240 கிலோமீட்டர் அது காதில் இருக்கும். இன்னொன்று, அந்த ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் விசையைக் கூட்டிக் கொடுக்கும் டார்க் கன்வெர்ட்டர் இல்லை, எண்ணெய் வழியாக அப்படியே கடத்தும் ஃப்ளூயிட் கப்ளிங்தான். கியர் மாறுவது உடம்புக்குத் தெரியும். அதைப் பழுது என்று நினைத்துப் பெட்டியைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். பழுதுக்கு ஓர் அடையாளம் உண்டு: மாறும்போது இடிப்பதோடு வால்குழாயில் வெண்புகையும் வரும். எஞ்சினின் உறிஞ்சலை வைத்துக் கியர் மாறுவதைச் சீராக்கும் வேக்குவம் மாடுலேட்டரின் சவ்வு கிழிந்து கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சுகிறது என்று அர்த்தம். மாடுலேட்டரை மட்டும் மாற்றினால் சரியாகும்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கணக்கு கொஞ்சம் மாறும். பென்ஸின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். சக்கரமும் அரைத்தண்டும் சேர்ந்தே ஆடும். ஈரமான வளைவில் வேகமாக நுழைந்து, நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பகுதி தூக்கிக்கொண்டு, சக்கரத்தின் அடி உள்ளே மடங்கி வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி போக வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பயமில்லை. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், எடையும் பென்ட்லியைவிட எவ்வளவோ குறைவு. பென்ட்லிக்கு முன் டிஸ்க் 405 மில்லிமீட்டர் விட்டம். ஆனாலும் இரண்டரை டன்னைக் கொடைக்கானலிலிருந்து இறக்குவது அந்த பிரேக்குக்கும் பெரிய வேலை. எந்த வண்டியானாலும் இறக்கத்தில் இரண்டாவது கியரில் பிடித்து வாருங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் இறக்கத்துச் சூட்டில் கொதித்துக் குமிழாகும். பெடல் தரைவரை போகும். ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இந்த ஆபத்து ஓடும் வண்டியைவிட அதிகம், ஏனென்றால் யாரும் ஆயிலை நினைத்துப் பார்ப்பதில்லை.

அடுத்தது கத்திரி வெயில். பென்ஸின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அடைத்துக்கொண்டால் தொட்டியைக் கழற்றி, புது கோர் வைத்துப் பற்றவைக்க மதுரையிலேயே ஆள் உண்டு. பென்ட்லியின் ரேடியேட்டர் அலுமினியமும் பிளாஸ்டிக்கும். விரிசல் விட்டால் மாற்றுவதுதான் வழி. ஏ.சி.யில் இது தலைகீழ். பென்ட்லியின் ஏ.சி. நம் மே மாதத்தைத் தாங்கும். பென்ஸில் ஏ.சி. இருந்தால் அது பெரும்பாலும் பேர் நிறுவனத்தின் யூனிட், யார்க் கம்ப்ரெசர், ஆர்12 வாயு. அந்த வாயு இனி கிடைக்காது. ஆர்134ஏ-வுக்கு மாற்றும்போது வெறுமனே வாயுவை மட்டும் நிரப்பித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பழைய மினரல் ஆயிலை முழுக்க வடித்து எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். ட்ரையர், ஓ-ரிங் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஹோஸ்களை இந்த வாயுவுக்கென்று வரும் உள்பூச்சுள்ள ஹோஸாக மாற்ற வேண்டும். கண்டென்சரும் பெரிதானால் நல்லது. இவ்வளவும் செய்தாலும் பென்ட்லி அளவுக்குக் குளிராது. மதியம் 12 மணிக்குக் கிளம்பும் பழக்கத்தை விட்டு, விடியற்காலை கிளம்பும் பழக்கத்துக்கு வர வேண்டும்.

இப்போது பெட்ரோல். பென்ஸ் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. 1971-இல் ஜெர்மனியில் இதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வி8-இன் மேல் காற்று வடிகட்டியைத் தூக்கினால், இரண்டு பக்கமும் நான்கு நான்காக எட்டு இன்ஜெக்டர் தெரியும். ஒவ்வொன்றின் தலையிலும் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் ஹோஸ். அதில் ஒன்றைப் பிடித்து லேசாக மடக்கிப் பாருங்கள். மேலே துணி பின்னல் முழுசாக இருக்கும், உள்ளே ரப்பர் வெடித்திருக்கும். மடக்கும் இடத்தில் ஈரம் கசிந்து பெட்ரோல் வாடை அடிக்கும். உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 2 பார். கீழே சூடான எஞ்சின். பழைய பென்ஸ் தீப்பிடித்தது என்று கேள்விப்படும் செய்திகளில் பலவற்றுக்கு இந்த விரல் நீள ஹோஸ்தான் காரணம். எத்தனால் அந்த ரப்பரைச் சீக்கிரம் உலர்த்தி வெடிக்க வைக்கும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் ஹோஸ் வாங்கி எட்டையும், ஆறிய எஞ்சின் பிடிக்கக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும் கோல்டு ஸ்டார்ட் வால்வின் ஹோஸையும், பின்னால் டேங்க்குக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ஹோஸையும் ஒரே நாளில் மாற்றுங்கள். சைக்கிள் கடை கிளிப் வேண்டாம். திருகும்போது ரப்பரை அறுக்காத, விளிம்பு மழுங்கிய இன்ஜெக்‌ஷன் கிளிப் தனியாகக் கிடைக்கிறது. இதை 5 வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். 82 லிட்டர் இரும்பு டேங்க்கைப் பாதி காலியாக இரண்டு மாதம் நிறுத்தினால் அடியில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும், துரு போய் பம்பையும் இன்ஜெக்டரையும் கெடுக்கும். ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டாமல் வைக்காதீர்கள். முடியாது என்றால் டேங்க்கை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

பென்ஸின் இன்ஜெக்‌ஷன் முறை பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக். எலக்ட்ரானிக் என்றதும் மிரள வேண்டாம். மல்டிமீட்டரும் பிரஷர் கேஜும் இருந்தால் முக்கால்வாசி கண்டுபிடித்துவிடலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் டிரிகர் பாயின்ட் என்று ஒரு தட்டு இருக்கும், அதில் நான்கு தொடர்புகள். ஒவ்வொரு தொடர்பும் இரண்டு இன்ஜெக்டரை இயக்கும். ஆக எஞ்சின் எட்டில் ஆறாக ஓடுகிறது, இரண்டு சிலிண்டர் சேர்ந்தே விழுகிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள். அதை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கக் கூடாது, சுத்தம் செய்து உராயும் பகுதிக்குக் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் போதும். அடுத்து, உறிஞ்சு குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சார். அதன் முனையில் அடைத்து வைத்த ஒரு திருகு இருக்கும். மைலேஜ் கூட்டித் தருகிறேன் என்று யாராவது அதைத் தோண்டித் திருகியிருந்தால் சென்சார் அளவு தவறிப்போயிருக்கும், திரும்பச் சரியாக்குவது பெரும்பாடு. வாங்குவதற்கு முன்பே அந்த அடைப்பு உடைபடாமல் இருக்கிறதா பாருங்கள். கையால் இயக்கும் வேக்குவம் பம்பை அதில் மாட்டி இழுத்தால் 5 நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறிய நிலையில், இன்டேக் 0.08 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.20. கேம்ஷாஃப்ட்டுக்கு மேல் ஆயில் தெளிக்கும் குழாயை இணைக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் சூட்டில் நொறுங்கும். நொறுங்கினால் கேம்ஷாஃப்ட் வறண்டு தேயும். வால்வு கவரைத் திறக்கிற அன்றே அந்தச் சில்லறைப் பாகங்களைப் புதிதாக மாற்றிவிடுங்கள். முன் அண்டர் சேசிஸில் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். லாரிக்கு அடிக்கிறவரே இதற்கும் அடித்துவிடுவார்.

பென்ட்லிக்கு வருவோம். அந்த டபிள்யூ12 எஞ்சின் பானெட்டுக்குள் விரல் விட இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் உறுதியானது, அதைச் சுற்றியிருப்பவைதான் மூப்படைகின்றன. டர்போவின் சூட்டில் சின்னச் சின்ன வேக்குவம் ஹோஸ்கள் பப்படம்போல் நொறுங்கும், பின்பக்கத்துக் கூலன்ட் குழாய்கள் கசியும். 200 ரூபாய் ஹோஸானாலும் பல இடங்களை எட்ட எஞ்சினைக் கீழே இறக்க வேண்டும். இறக்கியபின் எட்டுகிற ஹோஸ் அத்தனையையும், 12 பிளக்கையும், தேவைப்படும் காயிலையும் சேர்த்து மாற்றாமல் ஏற்றுவது பணத்தை இரண்டாம் முறை செலவழிப்பது.

ஏர் சஸ்பென்ஷன் அடுத்த செலவு. நான்கு ரப்பர் பலூன்கள், ஒரு கம்ப்ரெசர். ரப்பர் மடிப்பில் விரிசல் விட்டுக் காற்று கசியும். அதை ஈடுகட்டக் கம்ப்ரெசர் ஓயாமல் ஓடிச் சூடாகிக் கருகும். இதை மெக்கானிக் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். இரவு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் வண்டியைத் திறக்காமல் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த பலூன் போச்சு. அதற்கப்புறம் பலூனை மட்டும் மாற்றினால் போதாது, இவ்வளவு நாள் மாடாக உழைத்த கம்ப்ரெசரின் ரிலேயையும் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, மரநிழல். முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின்விளிம்பில் தொட்டிபோல ஒரு பள்ளம் இருக்கிறது. அதிலிருந்து மழைநீர் வடியத் துளைகள் உண்டு. வேம்பு, புளி, குல்மோகர் இவற்றின் அடியில் நிறுத்தினால் அந்தப் பொடி இலைகள் கண்ணாடியில் உருண்டு அதற்குள் விழுந்து, தூசியோடு சேர்ந்து களிமண்ணாகித் துளையை அடைக்கும். ஐப்பசி மழை ஒன்று போதும்: தொட்டி நிரம்பி, தண்ணீர் உள்ளே இறங்கி, தரைவிரிப்புக்கு அடியிலுள்ள எலக்ட்ரானிக் பெட்டிகளை நனைக்கும். வாங்கும்போது முன் கால்வைக்கும் இடத்தில் விரிப்பின் மேல் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள், ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள். பேட்டரி இரண்டு, இரண்டும் டிக்கியில். ஒன்று சோர்ந்தாலே டாஷ்போர்டில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்கெல்லாம் எரியும். நிற்கும் நாளெல்லாம் தானாகக் கட்டுப்படுத்திக்கொள்ளும் சார்ஜர் மாட்டியே இருக்க வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. பென்ட்லியின் பல பாகங்களுக்கு ஃபோக்ஸ்வாகன் குழும எண்தான். 3டபிள்யூ0 என்று தொடங்குபவை பென்ட்லிக்கே உரியவை, 3டி0 என்று தொடங்குபவை ஃபேட்டனுடையவை. ஆடி, ஃபோக்ஸ்வாகன் பார்க்கும் ஒர்க்‌ஷாப்பின் ஸ்கேனர் இதன் பெரும்பாலான கன்ட்ரோல் யூனிட்டோடு பேசும். ஆனால் மதுரையில் பென்ட்லி சர்வீஸ் இல்லை. எஞ்சின் இறக்கும் வேலை என்றால் வண்டியை ஏற்றி வெளியூர் அனுப்ப வேண்டும். சாதாரண டோயிங்கில் முன் சக்கரத்தைத் தூக்கி இழுக்கக் கூடாது, நான்கு சக்கர இயக்கம். முழு வண்டியையும் மேலே ஏற்றும் ஃப்ளாட்பெட்தான் வேண்டும்.

இனி ஆர்.சி. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருந்து, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு அது கிடைக்கும். புதிதாகப் பதிந்தால் வி.ஏ. என்ற எழுத்தோடு எண்; ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் ரேலி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். மாதாமாதம் கொடைக்கானல் போக முடியாது. ஆகவே இந்த பென்ஸ் விண்டேஜ் பதிவில் இருந்தால் உங்கள் தேவைக்கு அது ஆகாது. சாதாரணப் பதிவில், 5 வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்து வருகிற வண்டியாக இருக்க வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று யாரேனும் சொன்னால் அதை விண்டேஜுக்கு மாற்றிவிடவும் வேண்டாம்.

இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் கூடியிருக்கிறது. 20 வருடம் தாண்டிய இறக்குமதிக் காருக்கு 80,000 ரூபாய். இது பென்ஸுக்கு மட்டும் அல்ல. 2006-இல் பதிவான பென்ட்லிக்கு 2026-இல் அதே 20 வருடம் முடிகிறது. விற்கிறவர் இப்போது அவசரப்படுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், ஆர்.சி.யில் செல்லுபடியாகும் தேதியைப் பாருங்கள். இரண்டு வண்டிக்கும் சுங்கத்தின் இறக்குமதிப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியில் உள்ள சேசிஸ் எண், ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண், உலோகத்தில் அடித்த எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு முன் டி.என். 58, 59, 64 எதில் உங்கள் முகவரி வருகிறதோ அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரி பாக்கி, பசுமை வரி கேட்டுக்கொள்ளுங்கள்.

பென்ஸுக்கு இன்னொரு எண் சோதனை இருக்கிறது. ஆறு சிலிண்டர் 280 எஸ்.இ. கூபேயில் வி8-ஐப் போட்டு 3.5 என்று விற்பது உலகம் முழுக்க நடக்கிறது, விலை வித்தியாசம் அப்படி. சேசிஸ் எண் 111.026 என்று தொடங்கினால்தான் அசல் 3.5 கூபே. 111.024 என்றால் ஆறு சிலிண்டர். எஞ்சின் எண் 116.980 என்று தொடங்க வேண்டும். சேசிஸ் எண்ணில் அதற்கடுத்த இரண்டு இலக்கம் 22 என்றால் வலப்பக்க ஸ்டியரிங், ஆட்டோமேட்டிக். 12 என்றால் இடப்பக்கம்.

துருவுக்குச் சன்னமான துணி சுற்றிய காந்தம் போதும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, ஜாக்கி வைக்கும் இடங்கள், ஹெட்லைட்டின் பின்பக்கம், டிக்கியில் ஸ்டெப்னி பள்ளம் இவற்றில் ஒட்டாவிட்டால் உள்ளே பட்டி. ஆனால் இந்த கூபே உடலின் மூட்டுகளை ஃபேக்டரியிலேயே ஈயம் வைத்து நிரவினார்கள். பின் தூண் மூட்டுகளில் காந்தம் ஒட்டாததைப் பட்டி என்று நினைத்து நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள். எஞ்சினை எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்துச் சேர்க்கலாம். அழுகிய உடலைச் சரிசெய்யத்தான் வண்டி விலையைத் தாண்டிச் செலவாகும்.

பார்க்கப் போகும் நாளில் விடியற்காலை போங்கள், எஞ்சினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய வி8 பிடித்ததும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் முன்பக்கம் சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் டைமிங் செயினும் அதன் பிளாஸ்டிக் வழிகாட்டியும் மாற்ற வேண்டியவை, அதை விலையில் கழியுங்கள். 30 கிலோமீட்டர் ஓட்டி, அணைத்து, பானெட்டை மூடியபடி 20 நிமிடம் வெயிலில் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சில விநாடி திணறிப் பிடித்தால் பரவாயில்லை. பிடிக்கவே மாட்டேன் என்றால் பெட்ரோல் குழாயில் ஆவி நிற்கிறது, பெட்ரோல் அழுத்தத்தை அளந்து பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

எல்லாம் சரியாக வந்து வாங்கிவிட்டால், ஷெட்டுக்குக்கூட ஓட்டி வராமல் ஏற்றிக் கொண்டுவாருங்கள். அந்தப் பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றி, பம்பை மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த காகிதத்தைத் தொட்டுப் பாருங்கள். காகிதம் எல்லா இடத்திலும் உலர்ந்திருந்த பிறகு கொடைக்கானலுக்குக் கிளம்பலாம்.